தாத்தாவின் பட்டாளப் பதிவு: பரணிலா, பெங்களூரிலா, லண்டனிலா, எங்கே முதலில் தேடுவது?

தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பட்டாளம் என்பது ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பா "பர்மா சண்டைக்குப் போனவர்" என்பார், அத்தை "கப்பலில் போய்க் கப்பலில் வந்தார், அவ்வளவுதான் சொல்வார்" என்பார், ஊரில் இன்றும் எங்கள் வீட்டுக்கு மிலிட்டரிக்காரர் வீடு என்றுதான் பெயர். போன வருடம் நான் இதைத் தோண்டலாம் என்று இறங்கியபோது முதலில் செய்த தப்பு, இருக்கும் எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்டியது. லண்டனுக்கு ஒரு மின்னஞ்சல், டெல்லிக்கு ஒரு கடிதம், ஒரு வம்சாவளித் தளத்துக்குச் சந்தா. எதிலும் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை ஆளுக்கானவை என்று உறைத்தது. இப்போது யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது: பரண், பிறகு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்), பிறகுதான் லண்டன். ஏன் என்று விளக்குகிறேன், உங்கள் தாத்தாவின் கதை வேறு மாதிரி என்றால் வரிசையும் மாறும்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் பெரும்பாலோர் போருக்காக மட்டும் சேர்க்கப்பட்டவர்கள், 1945, 46-ல் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். பென்ஷன் வாங்குகிற அளவுக்கு அவர்கள் வேலை பார்க்கவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. பென்ஷன் இல்லாத சிப்பாயின் முழுப் பணிக்கோப்பை, அதாவது ஷீட் ரோல் என்பதை, ராணுவ விதிப்படி 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். 1946-ல் வெளியே வந்தவரின் கோப்பு 1971 வாக்கிலேயே போயிருக்கும். பென்ஷன் வாங்கியவர் என்றால் கோப்பு இன்னும் நீண்ட காலம் இருக்கும், அதோடு பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை பென்ஷன் கணக்கு அலுவலகம் போட்ட பி.பி.ஓ. தாள், அதாவது பென்ஷன் உத்தரவு, ஒன்றும் வீட்டில் எங்கேயாவது கிடக்கும், அதில் எண்ணும் படைப்பிரிவும் பதவியும் அச்சிட்டே இருக்கும். ஆகவே முதல் கேள்வி தாத்தா எங்கே சண்டை போட்டார் என்பது அல்ல. பாட்டிக்கு மாதாமாதம் ராணுவ பென்ஷன் வந்ததா, இல்லையா என்பதுதான். எங்கள் பாட்டிக்கு வரவில்லை. அத்தையிடம் கேட்ட அந்த ஒரே கேள்வியில் பாதி வழிகள் அடைபட்டுவிட்டன.

சரி, பரண். இதை நான் கடைசியாகத்தான் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும். தேட வேண்டியது முக்கியமாக டிஸ்சார்ஜ் புக், ஊரில் மிலிட்டரி புக் என்பார்கள். எண், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, உடம்பில் உள்ள மச்சம் தழும்பு உட்பட எல்லாம் அதில் இருக்கும். அது ஒன்று கையில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம். எங்கள் வீட்டில் அது இல்லை, எண்பதுகளில் வீடு இடித்துக் கட்டியபோது போயிற்று என்கிறார்கள். இருந்தது ட்ரங்க் பெட்டியின் அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் மூன்று மெடல்கள்.

மெடல்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், பாலீஷ் போட்டும் தேய்க்காதீர்கள். அந்தப் போருக்கான நட்சத்திர மெடல்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள், ஆனால் இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவின் சுருக்கமும் பொறித்திருக்கும். நட்சத்திரத்தின் பின்பக்கத்திலும், வட்ட மெடல் என்றால் விளிம்பிலும் பாருங்கள். டார்ச் அடித்து, சாய்த்து வைத்து, போனில் பெரிதாக்கிப் படித்தேன். எண், டிரைவர், பெயர், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது போக்குவரத்து, சப்ளைப் பிரிவு. இன்னொரு வேடிக்கை, ஒரு நட்சத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ரிப்பன் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று ஐந்து பட்டை. பர்மா ஸ்டார் ரிப்பன் அப்படி இருக்காது, அது கரும்பச்சையில் நடுவே அகலமான சிவப்பு, இரண்டு பக்கப் பச்சைப் பட்டைகளின் நடுவிலும் ஆரஞ்சுக் கோடு. ஐந்து பட்டை இத்தாலிக் கொடியின் நிறம், இத்தாலி ஸ்டார், 1943 ஜூனுக்கும் 1945 மே மாதத்துக்கும் நடுவே அந்தப் பக்கம் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. எழுபது வருடமாக பர்மா பர்மா என்று சொல்லிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. கடல் தாண்டிப் போனால் அது பர்மா என்று முடிவு செய்த தலைமுறை அது, அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் வீட்டுக் கதையை வைத்து ஆவணக் காப்பகத்துக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும். (மெடல் என்றாலே வெளிநாடு போனவர் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியா சர்வீஸ் மெடல் என்பது போர்முனைக்குப் போகாமல் இந்தியாவிலேயே மூன்று வருடம் இருந்தவர்களுக்குக் கொடுத்தது.)

பரண் காலி என்றால் அடுத்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துவந்தது. அதற்கு விண்ணப்பிக்க டிஸ்சார்ஜ் சான்று காட்ட வேண்டும். அதாவது உங்கள் பாட்டி எப்போதாவது அந்த உதவித்தொகை வாங்கியிருந்தால் வீட்டில் தொலைந்துபோன புத்தகத்தின் நகல் அந்த அலுவலகக் கோப்பில் இருக்க வாய்ப்பு உண்டு. நேரில் போங்கள், கடிதம் எழுதாதீர்கள். அங்கே வேலை பார்ப்பவர்களில் முன்னாள் ராணுவத்தினர் இருப்பார்கள், "இரண்டாம் உலகப்போர்" என்று சொன்னதும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது. போருக்குப் பிறகு முன்னாள் ராணுவத்தினர் என்ற வகையில் நிலம் ஒப்படை வாங்கிய குடும்பம் என்றால் அந்த ஒப்படை உத்தரவையும் தேடிப் பாருங்கள்.

இப்போது ஆர்.டி.ஐ. என் கணக்கில் செலவுக்குப் பலன் அதிகம் தருவது இதுதான். கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலேயே போடலாம். கோப்பு அழிந்துவிட்டது என்றால் எதைக் கேட்பது? லாங் ரோல். ஷீட் ரோலை அழித்தாலும், படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்ற கணக்கில் எழுதிய பெரிய பதிவேடு ராணுவ ஆவண அலுவலகங்களில் இருக்கும், நீதிமன்ற வழக்குகளில்கூட பழைய சிப்பாய்களுக்கு இந்த லாங் ரோலைத்தான் காட்டுகிறார்கள். ஆகவே "என் தாத்தாவைப் பற்றிய எல்லாத் தகவலும் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். என் முதல் விண்ணப்பம் அப்படித்தான் இருந்தது, "பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிட்டார்கள், அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. இன்ன எண், இன்ன பெயர், இன்ன படைப்பிரிவு, லாங் ரோலில் இவருடைய பதிவு உள்ள பக்கத்தின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

எந்த ஆவண அலுவலகம் என்பதில் ஒரு பொதுவான குழப்பம். தமிழ்நாட்டு ஆள் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட், ஆகவே நீலகிரி வெலிங்டன் என்று நினைத்துக்கொள்கிறோம். மெட்ராஸ் காலாட்படையை இருபதுகளில் கலைத்துவிட்டு போர்க்காலத்தில்தான் மறுபடி எழுப்பினார்கள், நம் ஊர்க்காரர்கள் ஏராளமாகப் போனது சாப்பர்ஸ் (பொறியாளர் படை), பயனியர் (கட்டுமான வேலை), சர்வீஸ் கோர், ஆர்டனன்ஸ் (ஆயுதக் கிடங்கு), சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), மருத்துவம் போன்ற பிரிவுகளுக்கு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், இன்று அதற்குப் பெயர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், நம் ஆட்களை அங்கே "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். சர்வீஸ் கோர் தெற்குப் பிரிவும் பயனியர் கோரும் பெங்களூர். ஆர்டனன்ஸ், ஈ.எம்.ஈ. (வண்டி, எந்திரப் பராமரிப்புப் பிரிவு) இரண்டும் செகந்திராபாத். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, மருத்துவப் படை லக்னோ. படைப்பிரிவு தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கை காட்டும்.

"மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்" என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்தால் பயப்பட வேண்டாம். அதே சட்டத்தின் 8(3) பிரிவு, 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவல் என்றால் அந்த விலக்கு பொருந்தாது என்கிறது. இறப்புச் சான்றிதழும் வாரிசு சான்றிதழும் இணைத்து, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். இன்னொன்று பெயர். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முத்துசாமி என்பவர் சாமியிலும் முடிவார், ஸ்வாமியிலும் முடிவார், தகப்பன் பெயர் முன்னால் வந்து இவர் பெயர் பின்னால் போயிருக்கும், இனிஷியல் என்ற ஒன்றே இருக்காது. நாலைந்து விதமாக எழுதிக் கொடுங்கள். வயதையும் நம்ப வேண்டாம், 18 என்று எழுதியிருந்தால் பையன் சேர்ந்தாக வேண்டும் என்று நின்றிருக்கிறான் என்று மட்டும் அர்த்தம்.

லண்டன் பற்றி எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது, எனக்கும் இருந்தது: வெள்ளைக்காரன் ஒரு தாளைக்கூட விட்டிருக்க மாட்டான், எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும் என்று. சிப்பாய்களைப் பொறுத்தவரை அது தவறு. பிரிட்டிஷ் அரசு இணையதளத்தில் ராணுவப் பணிப்பதிவு கேட்கும் படிவம் ஒன்று இருக்கிறது, அது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு அல்ல. அந்த ஒரு சொல் வித்தியாசத்தில் பணமும் மாதங்களும் போகும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ராணுவப் பணிக்கோப்புகள் உண்டு, ஆனால் அவை அதிகாரிகளுடையவை. தாத்தா கமிஷன் பெற்ற அதிகாரி என்றால் லண்டன்தான் உங்கள் முதல் கதவு, நான் சொன்ன வரிசையைத் தூக்கிப் போடுங்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார் என்றால் அங்கே தனிக்கோப்பு கிடையாது.

ஆனால் லண்டனில் க்யூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு விஷயங்கள் சிப்பாய்க்கும் பயன்படும். ஒன்று வீரப் பதக்கத்துக்கான பரிந்துரைகள், டபிள்யூ.ஓ. 373 என்ற தொகுப்பு, இணையத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம், தேடுவதற்குக் காசு இல்லை. பதக்கம் வாங்கியவர் என்றால் அவர் என்ன செய்தார் என்று ஒரு பத்தியாவது அதில் இருக்கும். சாதாரண நட்சத்திர மெடல் வாங்கியவர்கள் இதில் வரமாட்டார்கள், ஏமாற வேண்டாம். இரண்டாவது போர் நாட்குறிப்புகள். ஒவ்வொரு படைப்பிரிவும் தினம் தினம் எங்கே இருந்தது, என்ன செய்தது என்று எழுதி வைத்தது. மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் டபிள்யூ.ஓ. 169, இத்தாலி டபிள்யூ.ஓ. 170, பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா டபிள்யூ.ஓ. 172. இதில் தாத்தாவின் பெயர் இருக்காது, அதிகாரிகள் பெயர்தான் வரும். ஆனால் அவருடைய கம்பெனி, அதாவது படைக்குள் அவர் இருந்த சிறு பிரிவு, எந்த வாரம் எந்த மலைச்சாலையில் எத்தனை லாரி ஓட்டியது என்று தெரியும். என்னைக் கேட்டால் ஒரு சிப்பாயின் வாழ்க்கைக்கு மிக அருகில் போகும் ஆவணம் இதுதான், தனிக்கோப்பு கிடைத்தவர்களுக்குக்கூட அதில் தேதிகளும் தடுப்பூசியும் விடுப்பும்தான் கிடைக்கும்.

இந்த நாட்குறிப்புகளில் பெரும்பகுதி ஸ்கேன் ஆகவில்லை, நகல் கேட்டால் பவுண்டில் கணக்குப் போடுவார்கள். அதைவிட மலிவான வழி, அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை அனுப்புவது. வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் இருந்தால் போதும், சொந்த போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. லண்டனில் ஒரு உறவினரோ நண்பரோ இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு, ஒரு சனிக்கிழமையைக் கேட்டு வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு தேடித்தரும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான், ஆனால் கம்பெனி எண் இல்லாமல் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. வம்சாவளித் தளங்களுக்குச் சந்தா கட்டாதீர்கள். அவை பிரிட்டிஷ்காரர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் கட்டியவை. பஞ்சாப்காரர்களுக்காவது லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த முதல் உலகப்போர் ஆள்சேர்ப்புப் பதிவேடுகளை ஊர் வாரியாக இணையத்தில் ஏற்றினார்கள். மெட்ராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒன்று வந்தால் நான் முதல் ஆளாக உட்கார்ந்து படிப்பேன்.

தாத்தா போரிலேயே இறந்துபோனவர் என்றால் நேரே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்துக்குப் போங்கள். இலவசம், அரை மணி நேர வேலை. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள், நோயில் இறந்தவர்களும் சேர்த்து. எண், படைப்பிரிவு, இறந்த நாள், பல பேருக்குத் தகப்பன் பெயரும் மனைவி பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். தகனம் செய்யப்பட்டவருக்கும் உடல் கிடைக்காதவருக்கும் கல்லறை இருக்காது, யாங்கூன் பக்கம் தௌக்யான், சிங்கப்பூரில் கிராஞ்சி, இத்தாலியில் காசினோ என்று ஏதாவது ஒரு நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும். பெயரைவிட எண்ணைப் போட்டுத் தேடுவதும், ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவதும் பலன் தரும்.

ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த தாத்தாக்கள் விஷயம் தனி. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய் ஐ.என்.ஏ.-வில் சேர்ந்தவர் என்றால் அவருக்கு லாங் ரோலிலும் ஒரு வரி இருக்கும், ஐ.என்.ஏ. கோப்புகளிலும் வர வாய்ப்புண்டு. மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து சேர்ந்தவர் என்றால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அவரைத் தேடுவதே வீண். இவர்களுக்கு நல்ல வழி தியாகி பென்ஷன் கோப்புதான். மத்திய அரசின் திட்டம் 1972-ல் தொடங்கியது, விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு, எந்தச் சிறை, எத்தனை மாதம் என்று தாத்தாவே சொந்த வாக்கில் எழுதியிருப்பார், சக கைதிகள் சான்று கொடுத்திருப்பார்கள். கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 1997-ல் பாதுகாப்பு அமைச்சகம் 990 ஐ.என்.ஏ. கோப்புகளைக் கொடுத்தது, காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் அட்டவணையைத் தேடிப் பார்க்கலாம். அப்படித் தேடும்போது ஐ.என்.ஏ.-வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பாட்டியின் பெயர் அகப்பட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம், மலேயாவிலிருந்து அதில் சேர்ந்தவர்களில் தமிழ்ப் பெண்கள் நிறைய.

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துச் சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, அவர்கள் எழுத வேண்டியது பிரான்சில் போ நகரத்தில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு.

என் கதைக்கு வருகிறேன். மெடலில் இருந்த எண்ணையும் சர்வீஸ் கோர் பெயரையும் போட்டு இரண்டாவது ஆர்.டி.ஐ. அனுப்பினேன். 26-ஆம் நாள் ஒரு தாள் வந்தது, பழுப்பேறிய பதிவேட்டுப் பக்கத்தின் நகல், நடுவில் ஒரு வரி தவிர மற்றதெல்லாம் கறுப்படித்து. 1942-ல் சேர்ந்திருக்கிறார், 1946-ல் விடுவிக்கப்பட்டிருக்கிறார், தகப்பன் பெயர் சரி, ஊர்ப் பெயர் மூன்று எழுத்து தப்பு. கம்பெனி எண் இல்லை. அது இல்லாமல் க்யூவில் எந்த நாட்குறிப்பை எடுப்பது என்று தெரியாது, இத்தாலியில் சர்வீஸ் கோர் கம்பெனிகள் ஒன்றிரண்டு அல்ல. லண்டனில் இருக்கும் சித்தப்பா மகள் போகத் தயார் என்று சொல்லியிருக்கிறாள், அவளை எதற்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. தாத்தா ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றாவது கிடைத்தால் முகவரியில் கம்பெனி இருக்கும், அதனால் இப்போது அத்தை வீட்டுப் பரண், பாட்டியின் தம்பி வீட்டுப் பரண் என்று ஏறிக்கொண்டிருக்கிறேன். அந்த நகலையும் இத்தாலி ரிப்பனையும் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தாலிக்குப் போகிற வழியில்தானே பர்மா" என்றார்.